பட்டு பிடிக்காத சிவப்பு

காந்தா கொண்டு வந்த முதல் பாட்டிலைச் சாக்கடையில் கொட்டியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்தால் அவளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

அறுபத்தெட்டாம் வருஷம். ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தமும் சிறுநீரும் சோதிக்கும் வேலை எனக்கு. சின்னக் காஞ்சிபுரத்துக்காரன், பெயர் அழகியமணவாளன். பெயரையும் வேலையையும் சேர்த்துச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. கோயில் கைங்கரியத்தில் இருந்த என் பெரியப்பா, யாராவது கேட்டால் "ஏதோ தண்ணீர் சம்பந்தப்பட்ட உத்தியோகம்" என்று சொல்லி நழுவிவிடுவார். எனக்கோ அந்த வேலையில் கொள்ளை ஆசை, கூடவே கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒரு நாள் காலை, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பாட்டிலை நீட்டினாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு மூத்திரத்துல ரத்தமா போவுது சார்."

"என்ன தொழில்?"

"பட்டுக்குச் சாயம் போடுறாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாயக்காரருக்குச் சிவப்பா போகாம பின்ன எப்படிம்மா போகும்? நாலு நாள் பட்டறைப் பக்கம் போக வேண்டாம்னு சொல்லு, சரியாயிடும்." சொல்லிக்கொண்டே பாட்டிலைக் கவிழ்த்துவிட்டேன். அன்றைக்கு ஊரே அப்படித்தான் நம்பியது. முழங்கை வரை சாயம், பனியனில் சாயம், சிறுநீரிலும் சாயம் இருந்தால் என்ன அதிசயம் என்பார்கள். அவள் காலி பாட்டிலை வாங்கிக்கொண்டு போனாள்.

காந்தா ஐயம்பேட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், நாலாவது வரை படித்தவள். பிள்ளையார்பாளையத்தில் சாயப்பட்டறை வைத்திருந்த வீரபாகுவுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகுதான் சாயப்பொடியையே கண்ணால் பார்த்தாள். இரண்டே வருஷத்தில் பட்டறை அவள் கண்ணுக்குக் கட்டுப்பட்டது. நிறம் ஒரு இழை மாறினாலும் நூலை மறுபடி அண்டாவுக்கு அனுப்பிவிடுவாள். வீரபாகு கொதிக்கிற அண்டா முன்னால் நின்று நாளெல்லாம் வியர்த்துக் கொட்டுவார். டீயைத் தவிர எதையும் குடிக்கத் தோன்றாத மனிதர்.

மூன்றாம் நாள் அவள் மறுபடி வந்தாள். ஒரு கையில் புது பாட்டில், இன்னொரு கையில் ஈரமான வெள்ளைப் பட்டு நூல்.

"கோவிச்சுக்காதீங்க சார், நீங்க சொன்னத நான் நம்பல" என்றாள். "பத்து நாளா பட்டறையில கிளிப்பச்சை தவிர வேற சாயமே போடல. பச்சை உள்ள போனா, செவப்பு எப்படி வெளிய வரும்?"

"முன்னாடி போட்ட சிவப்பு ஏதாவது உடம்புல..."

"அதையும் யோசிச்சேன். நேத்து காலையில வந்ததுல இந்த நூல ஊறப் போட்டேன். சாயமா இருந்தா பட்டு சும்மா வுடுமா? கொஞ்சமாச்சும் குடிச்சிக்கினு இருக்கும். ஒரே அலசுல வெள்ளையா பூட்டுது, பாருங்க. அதுவும் இல்லாம, கரைஞ்ச சாயம் அடியில தங்காது சார். இது தங்குது."

பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். மேலே வைக்கோல் நிறம், அடியில் சிவப்பாக ஒரு படிவு. என் காது இரண்டும் சுட்டன. படித்த எனக்குத் தோன்றாத சோதனையை அவள் வீட்டுக் கொல்லையில் செய்து முடித்திருந்தாள்.

அடிப்படிவில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வட்டம் முழுக்கச் சிவப்பணுக்கள்! சிறுநீரகம் ரத்தத்தை எவ்வளவு வடிகட்டினாலும் இந்த அணுக்களை வெளியே விடாது. இப்படிக் கூட்டமாக வந்திருக்கிறதென்றால் வழியில் எங்கோ புண் என்று அர்த்தம். "ரத்தம்தாம்மா! நீ சொன்னதுதான் சரி!" என்று கத்தியபடி டாக்டர் கலியாணசுந்தரத்தின் அறைக்கு ஓடினேன். நோயாளிக்காக நான் ஓடியது அதுதான் முதல் தடவை.

டாக்டர் வீரபாகுவின் இடது விலாவுக்குக் கீழே ஒரு தட்டுத் தட்டியதும் மனிதர் துள்ளினார். ஒரு மாதமாக வலியாம். அண்டா தூக்கியதால் வந்த பிடிப்பு என்று நினைத்து வாயைத் திறக்கவில்லையாம். டாக்டர் அவரைச் செங்கல்பட்டுக்கு அனுப்பிப் படம் எடுக்க வைத்தார். கை நரம்பில் ஊசி வழியாக ஒரு மருந்து ஏற்றுவார்கள். அது ரத்தத்தோடு சுற்றி, சில நிமிஷத்தில் சிறுநீரகத்தில் வடிந்து, படத்தில் வெள்ளையாகத் தெரியும்.

படம் வந்த அன்று டாக்டர் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். காந்தா அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "எது எதுன்னு சொல்லுங்க சார்" என்று விடாப்பிடியாக நின்றாள்.

"முதுகுப் பக்கம், விலாவுக்கு அடியில ரெண்டு கிட்னி. ஒவ்வொண்ணும் கைமுஷ்டி அளவு. ரெண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு நூத்தெண்பது லிட்டர் வடிகட்டும்."

"அவ்ளோவா? இந்த ஆளு குடிக்கிறதே நாலு டீ சார்!"

டாக்டரே சிரித்துவிட்டார். "ஒரே ரத்தம்தான் திரும்பத் திரும்ப வருதும்மா. வடிச்சதுல நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது பங்கு ரத்தத்துக்கே திரும்பிடும். கழிவோட ஒண்ணரை லிட்டர் மட்டும்தான் இந்தக் குழாய் ரெண்டுலயும் இறங்கும். சும்மா ஒழுகாது, குழாயே சுருங்கிச் சுருங்கித் தள்ளும். கீழ இருக்கிற பையில சேர்ந்து, நிறைஞ்சதும் வெளிய வரும்."

வலது பக்கத்து வெள்ளைக் கோடு பை வரை இறங்கியிருந்தது. இடது பக்கத்துக் கோடு பைக்குச் சற்று மேலே நின்றுவிட்டது. அங்கே கல். அதற்கு மேலே குழாயும் கிட்னியும் உப்பியிருந்தன.

"ரெண்டு வாரம் பார்க்கலாம். சின்னக் கல்லுதான், தண்ணி குடிச்சா தானா விழலாம். விழலேன்னா பட்டணத்துல ஆபரேஷன். விட்டுட்டா அந்தக் கிட்னி கெட்டுடும்."

வீரபாகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அண்ணன் வயிற்றில் ஆபரேஷனுக்கென்று பட்டணம் போனவர், திரும்பி வரவேயில்லை. "என்ன வெட்ட வுட்டுடாத காந்தா" என்று அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். பேரில்தான் வீரம் என்று வாய் வரை வந்ததை நான் விழுங்கினேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை.

மறுநாளிலிருந்து அண்டா பக்கத்தில் அவருக்கென்று ஒரு குடம் தண்ணீர். பொழுது சாய்வதற்குள் அது காலியாக வேண்டும். கல் வந்தால் தவறிப் போகாமலிருக்க, ஒவ்வொரு தடவையும் சட்டியில் பிடித்துத் துணியில் வடிகட்டினாள். "இன்னாடி, தங்கமா தேடுற?" என்று பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாள் கேட்டதற்கு, "தங்கம் யாருக்கு வோணும், போக்கா" என்றாளாம்.

ஒன்பதாம் நாள் வலி தாங்காமல் துடித்த வீரபாகுவைக் குதிரை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தாள். ஊசி போட்டதும் வலி அடங்கியது, கல் விழவில்லை. பன்னிரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. டாக்டர் பட்டணத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பதினைந்தாம் நாள் காலை பஸ். எனக்கு வேலையே ஓடவில்லை. வாசலில் நிழல் தட்டினால் அவளா என்று பார்ப்பேன்.

பதினான்காம் நாள் மதியம் தாழ்வாரத்தில் ஓடி வரும் சத்தம் கேட்டது.

"வுழுந்துடுச்சு சார்!"

உள்ளங்கையில் பழுப்பாக, முள் முள்ளாக, உடைத்த உளுந்தைவிடச் சிறிசாக ஒரு கல்.

"நேத்து காலையிலயே வுழுந்துடுச்சு. ரத்தம் நிக்குதான்னு பாத்துக்கினே இருந்தேன். இது இன்னிக்கிப் புடிச்சது. நீங்க பாத்துச் சொன்னாத்தான் நான் நம்புவேன்" என்று பாட்டிலை நீட்டினாள்.

என்னை நம்புகிறாள்! ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். நம்பாமல் இன்னொரு சொட்டு வைத்தேன். மூன்றாவதையும் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"நீயே உக்காந்து பாரும்மா."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். வெகு நேரம் தேடினாள்.

"இன்னா சார், ஒண்ணுமே காணோமே? வெறும் வெளிச்சமா இருக்குது."

"அப்படித்தாம்மா இருக்கணும்."

அவள் நிமிரவில்லை. குனிந்தபடியே தோள் குலுங்கிற்று. எனக்கும் கண் கலங்கிவிட்டது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொள்ளாமலே வாசலுக்கு ஓடினாள். தாழ்வாரத்துப் பெஞ்சில், பட்டணத்துக் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி வீரபாகு உட்கார்ந்திருந்தார்.

"யோவ், ஒண்ணுமே இல்லைய்யா! எழுந்திரு, வூட்டுக்குப் போலாம்!"