ஆண்கள் பக்கத்துப் பாட்டு

எங்கள் தோட்டத்து மாதா கோயில் ஆர்மோனியத்திலிருந்து பாட்டுக்கு முன்னால் நாற்றம்தான் வரும். துருத்தித் தோல் கிழிந்த இடங்களிலெல்லாம் ஜெபமும் பாட்டும் நடத்தும் உபதேசியார், 'கித்தா' என்று நாங்கள் சொல்லும் ரப்பர் பாலைத் தடவித் துணி ஒட்டியிருந்தார். அது காய்ந்தும் காயாமலும் புளித்துப்போய், அவர் துருத்தியை அமுக்கும்போதெல்லாம் முன்வரிசையில் நிற்கும் எங்கள் முகத்தில் வந்து அடிக்கும். லூனாஸ் டவுனுக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தின் ஜப்பான்காரன் காலத்துத் தபசு நாட்கள் என்றால், இன்றும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வெறும் வயிற்றில் முகர்ந்த அந்தப் புளித்த வாடைதான்.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் பாட்டுக் கூட்டத்துக்கு ஓய்வே கிடையாது. பகலெல்லாம் ரப்பர் மரங்களைச் சாய்த்த காட்டில் மரவள்ளி நட்டுவிட்டு, கை மண்ணைக் கழுவியும் கழுவாமலும் கோயிலுக்கு ஓட வேண்டும்; சிலுவைப்பாதையின் ஒவ்வொரு ஸ்தலத்திலும் முழங்கால் போட்டு எழுந்து பாட வேண்டும். சாக்குத் துணிப் பாவாடை முழங்காலை அறுக்கும். டவுனிலிருந்து எப்போதாவது வரும் சாமியார், "நீங்க எல்லா நாளும் ஒருசந்திதானே இருக்கீங்க, தபசுக்குன்னு தனியா எதுக்கு?" என்று நோன்பைத் தள்ளிவைத்தார். பாட்டைத் தள்ளிவைக்க அவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கூட்டத்தில் சின்ன வயதிலேயே எனக்கு இடம் கிடைத்தது குரல் வளத்தால் அல்ல. பெண்கள் பக்கத்தை நடத்தியவள் என் அம்மா ஆரோக்கியம். ஆண்கள் பக்கத்தை நடத்தியவர் என் அப்பா. பெரிய வெள்ளிக்கிழமை அன்று பாடும் மாதா புலம்பலுக்கு எங்கள் தோட்டத்தில் ஒரு முறை இருந்தது. 'எங்கே வைத்தீர் என் மகனை' என்று மாதாவாகப் பெண்கள் கேட்பார்கள். 'தோளில் தூக்கி வந்தோம் தாயே, கல்லறையில் வைத்துவிட்டோம்' என்று எதிர்ப்பக்கம் நிற்கும் ஆண்கள் பதில் சொல்வார்கள். கேள்வியும் பதிலுமாகவே பாட்டு முழுக்கப் போகும். ஒரு பக்கத்துப் பாட்டை மறுபக்கம் தொடக்கூடாது.

பிறகு சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்தான். கங்காணி வேலை பார்த்த மண்டோர், எங்கள் வீட்டு வரிசைகளில் லயத்துக்கு லயம் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார், லோரி வந்தது, அப்பா ஏறிப்போனார். ஆண்கள் பக்கம் ஏறக்குறைய முழுவதுமே அந்த லோரியில் போனது. அடுத்த தபசு வரைக்கும் ஒருவரிடமிருந்தும் ஒரு தகவலும் இல்லை.

பெரிய வெள்ளி நெருங்கியபோது உபதேசியார் அம்மாவிடம் வந்தார். "பாதிப் பாட்ட வச்சிக்கிட்டு நான் என்ன செய்றது? பொம்பளைங்களே ரெண்டு பக்கமும் பாடிடுங்கம்மா."

அம்மா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உதறினாள். "அவுங்க பாட்டுல என்னா வருதுன்னு தெரியும்ல ஒங்களுக்கு? அத நான் பாடினா, அவர நானே பொதைச்ச மாதிரி. அவரு வந்து பாடட்டும். அதுவரைக்கும் சும்மா கெடக்கட்டும்."

உபதேசியாரின் மகனும் அதே லோரியில்தான் போயிருந்தான். அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

ஆகவே அந்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் பெண்கள் கேள்வியை மட்டும் பாடினோம். பதில் வர வேண்டிய நேரத்துக்கு உபதேசியார் கட்டை எதையும் தொடாமல் துருத்தியை மட்டும் அமுக்குவார். காற்று மட்டும் போய்வரும், அந்த நாற்றமும் வரும். காலியாகக் கிடக்கும் எதிர்ப்பக்கத்தை அம்மா கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பாள். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த இடைவெளி பிடித்திருந்தது. சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கலாம். பசிக்கிற பிள்ளைக்கு அதற்குமேல் என்ன தோன்றும்?

ஜப்பான்காரன் போன பிறகு, லோரியில் போனவர்களில் ரொம்பக் கொஞ்சம் பேர் திரும்பினார்கள். அப்பா வந்தார். அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை, குரலைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உபதேசியாரின் மகன் வரவில்லை.

அடுத்த பெரிய வெள்ளிக்கு அம்மா பழைய வெள்ளைச் சேலையைத் துவைத்துக் கட்டிக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கேள்வியைப் பாடி முடித்துவிட்டு எதிர்ப்பக்கம் பார்த்தாள். அப்பா நின்றார். உபதேசியார் கட்டையை அமுக்கிச் சுருதி கொடுத்தார். அப்பாவின் வாய் திறக்கவில்லை. உபதேசியார் மறுபடியும் கொடுத்தார். அப்பா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். கோயில் முழுவதும் கேட்கும்படி, ஆனால் அம்மாவிடம் மட்டும் பேசுவதுபோல் சொன்னார்:

"அங்க ஒவ்வொருத்தனையும் குழியில எறக்கறப்ப இதத்தான் பாடினேன், ஆரோக்கியம். உபதேசியார் பையனுக்கும் பாடினேன். இனிமே என்னால முடியல. நீ பாடு."

உபதேசியாரின் கை கட்டைமேல் அப்படியே நின்றது. பிறகு அவர், பழக்கத்தால்தானோ என்னவோ, துருத்தியை மட்டும் அமுக்கினார்.

இத்தனை நாள் வாயில் வைக்க மறுத்த அடிகளை அம்மா பாடினாள். 'தோளில் தூக்கி வந்தோம் தாயே.' அழாமல், ஒரு அடியும் விடாமல், கடைசிவரை பாடினாள். அவளோடு சேர்ந்து பாட எங்களில் யாருக்கும் துணிவு வரவில்லை.

அந்தக் கோயில் இப்போது இல்லை, தோட்டமும் இல்லை; அங்கே எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனையும், அதைத் தாண்டித் தொழிற்சாலை பஸ் ஓடும் சாலையும்தான். நான் கூலிம் டவுன் கோயிலில் பாடுகிறேன். பாட்டு பெரிய திரையில் ஓடுகிறது. ஆண் பக்கம், பெண் பக்கம் என்று இல்லை. எல்லாரும் எல்லா அடிகளையும் ஒன்றாகப் பாடி, சீக்கிரம் முடித்துவிடுகிறோம். யாரும் யாருக்காகவும் காத்து நிற்பதில்லை.

போன பெரிய வெள்ளிக்குப் பக்கத்தில் நின்ற பெண், வேலை முடிந்து தொழிற்சாலைச் சட்டையோடே வந்தவள், மெல்லக் கேட்டாள்: "ஏன் பாட்டி, 'தோளில் தூக்கி வந்தோம்' அடி வந்தா மட்டும் நிப்பாட்டிடுறீங்க?"

"களைப்பா இருக்குலா," என்றேன். "நீ பாடு."

பாவம், அவளுக்கும் களைப்புதான். பாடினாள்.