பத்துக்கு நாலு

கிராமர் டீச்சருக்குத் தப்பு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் கை சும்மா இருக்காது. மருந்துக்கடை மாடியில் ஒரே அறை, பதினாறு நாற்காலி, ஒரு கரும்பலகை. நர்சுகளும் டிரைவர்களும் அங்கே வந்துதான் இங்கிலீஷ் கற்றார்கள். ஒருமுறை கல்யாணப் பத்திரிகையையே திருத்தி, வைத்தவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். "டீச்சருக்குப் பத்திரிகை வைக்கவே பயமா இருக்கு" என்று ஊரே கிண்டல் செய்தது. அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அம்மா போன பிறகு தம்பியை வளர்த்தவர் அவர். அவன் எட்டாம் வகுப்பு இங்கிலீஷில் இரண்டு தடவை கோட்டை விட்டுவிட்டு, வெல்டிங் கற்றுக்கொண்டு, கப்பல் கட்டும் தளத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். மாதம் ஒரு கடிதம் தமிழில் வரும்.

திடீரென்று ஒரு மாதம் இங்கிலீஷில் வந்தது. 'லாஸ்ட் மந்த் ஐ வில் கம்' என்று தொடங்கியிருந்தான். டீச்சருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பெட்டி கட்டிய பிறகு டாக்டர் விடவில்லை என்ற வரியில் இரண்டு தப்பு, இரண்டையும் வட்டமிட்டார். வருவதாக இருந்து வராமல் போனால் 'வாஸ் கோயிங் டு' போட வேண்டும் என்று அடியில் எழுதி, மூன்று உதாரணமும் கொடுத்தார். பத்துக்கு நாலு மார்க். செல்லமாகத்தான் செய்தார். அன்றைக்கே தபாலில் சேர்த்தும் விட்டார்.

அதோடு கடிதம் நின்றது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான், தானாக வழிக்கு வருவான் என்று இவரும் எழுதவில்லை. தபால்காரர் தெருவில் போகும்போதெல்லாம் பாடத்தை நிறுத்திவிட்டுப் படிக்கட்டைப் பார்ப்பார். ஏழு மாதம் இப்படியே போனது. பாழும் வீம்பு!

எட்டாம் மாதம் படியேறி வந்தவர் தம்பியோடு வேலை பார்த்த வெல்டர். கையில் ஒரு துணிப்பை.

"தம்பி தவறிப் பதினஞ்சு நாளாச்சுக்கா. விலாசம் கண்டுபிடிச்சு வர இவ்வளவு நாள் ஆயிடுச்சு. இதயத்துல கோளாறு."

டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என் மேல கோவமா இருந்தானா?"

"கோவமெல்லாம் இல்லக்கா. ஷிப்ட் முடிஞ்சதும் நோட்டை எடுத்துட்டு உட்காந்துடுவார். நீங்க குடுத்த மூணு வாக்கியத்தையும் எழுதி எழுதிப் பாப்பார். ஒரு தப்புகூட இல்லாம எழுதினாத்தான் தபால்ல போடுவேன்னு ஒத்தக் கால்ல நின்னார்."

"தமிழ்ல எழுதியிருக்கலாமே?"

வெல்டர் தலை குனிந்தார். "நானும் சொன்னேன். தமிழ்ல எழுதினா எங்க அக்காவுக்கு நான் இன்னும் எட்டாங்கிளாஸ்தான்னு சொல்லிட்டார்."

பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். பக்கம் பக்கமாக அடித்தல் திருத்தல். கடைசிப் பக்கத்தில் மட்டும் அடித்தலே இல்லாமல் மூன்று வரி, இங்கிலீஷில். வீட்டுக்கு வருவதாக இருந்தேன். இனிமேல் உன்னோடேயே தங்கிவிடுவதாக இருந்தேன். உன் வகுப்பில் உட்கார்ந்து முதலிலிருந்து படிப்பதாக இருந்தேன்.

டீச்சர் இரண்டு முறை படித்தார். எல்லாம் சரியாக இருந்தது. நெஞ்சே வெடித்துவிடும்போல் அழுகை வந்தது. வகுப்புக்கு வந்த நர்சுகள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெல்டரை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு அவன் பெட்டி கட்டினப்போ, டாக்டர் என்னப்பா சொன்னார்?"