மரச்சிலையிடம் கொடுத்த நேர்முகப் பரீட்சை

சீகிரியாவில் ஒரு ஹோட்டல், வரவேற்பாளர் வேலைக்கு என்னை நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்ட வாரம் பார்த்துத்தான் என் இரண்டு கண்ணும் சிவந்து பீளை கட்டியது. டாக்டர் அன்டிபயோட்டிக் கண் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

"நேரம் தவறாம போடுங்க. சிவப்பு போயிட்டாலும் சொன்ன நாள் வரைக்கும் நிறுத்தாதீங்க. போட்டதும் கொஞ்ச நேரம் பார்வை மங்கும்," என்றார் பாமசியில் அந்த மருந்தை எடுத்துத் தந்த அண்ணன். கடைசி வசனத்தைப் படியிறங்கி ஓடிக்கொண்டே கேட்டேன்.

மருந்து நேரம் சரியாக ஹோட்டல் வாசலில் வந்தது. குழாயில் கையைக் கழுவி, ட்யூப் முனை கண்ணில் படாமல் அழகாகப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். உலகமே நெய்யில் மிதந்தது.

எதிரே சேலை கட்டிய ஒரு பெண் கைகூப்பி நின்றார். மேனேஜர்! நானும் கும்பிட்டு, என் படிப்பு, எனக்குத் தெரிந்த மூன்று மொழி, என் ஊரான எல்கடுவயின் குளிர் வரை கொட்டித் தீர்த்தேன். அவர் அசையவில்லை. சிங்களத்திலும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"தங்கச்சி, அது மரச்சிலை," என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். "அவ யாருக்கும் வேலை குடுக்க மாட்டா. மேனேஜர் நான்தான்."

"கண்ணுக்கு மருந்து போட்டிருக்கேன்," என்று வெட்கத்தில் கண்ணைக் கசக்கப் போனேன்.

"ஐயோ, கசக்காதீங்க! மருந்தெல்லாம் போயிரும். கண்ணு தெளியிற வரைக்கும் உக்காருங்க. அப்புறம் அவகிட்ட சொன்னத என்கிட்டயும் சொல்லுங்க. நல்லாத்தான் இருந்துச்சு."

வேலை கிடைத்தது. மிச்ச நாளும் களிம்பை விடாமல் போட்டேன். போட்டபின் கண் தெளியும்வரை யாருக்கும் வணக்கம் வைக்கவில்லை.