வெள்ளிமலைப் பாதையில் ஏழாவது ஜெபச் சீட்டு

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தில் ஒரு சனிக்கிழமை கல்வராயன் மலையேறி, கீழே விரியும் சமவெளியை நோக்கிக் கைகளை நீட்டி, இன்னும் விசுவாசத்துக்கு வராத கள்ளக்குறிச்சி ஊராருக்காக மன்றாடுவோம். அதற்கு முந்தைய ஞாயிறன்று, அவரவர் அறிந்த ஒருவரின் பெயரைச் சீட்டில் எழுதி ஆலயப் பெட்டியில் போடுவோம். இந்த ஆண்டும் சென்றோம். இதே நோக்கத்தோடு மலையேற நினைக்கும் சபைகளுக்காக இதை எழுதுகிறேன்.

காலை 6.10க்குக் கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தருகிலிருந்து புறப்பட்டோம். பன்னிரண்டு பேர், வேன் வாடகை டீசலுடன் 5,200 ரூபாய். கச்சிராயபாளையத்தில் இட்லி. கோமுகி அணையைத் தாண்டியதும் மலைப்பாதை. வளைவுகளில் தலை சுற்றுபவர்கள் இட்லியைக் குறைத்துக்கொள்வது நல்லது.

ஓட்டுநர் ஏழுமலை என் தெருக்காரர். அவர் மனைவி கோபித்துக்கொண்டு மூன்று மாதமாக மணலூர்பேட்டையில் தாய்வீட்டில் இருக்கிறார். தெருவில் யாருக்கும் தெரியாது. சீட்டு எழுதும் ஞாயிறன்று காலை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்: "அடுத்த ஞாயித்துக்கெழம வர்றன்னு சொல்லிக்கீது சார். நீங்க ஜெபம் பண்றவங்க, ஒரு வார்த்த சொல்லுங்க. வெளிய தெரிஞ்சா வராது, ரோசக்காரி."

நான் அதைச் சீட்டில் எழுதினேன். பெயர், தெரு, விவரம் அனைத்தும். எழுதும்போது, மலைக்கு வரப்போகும் வண்டி அவருடையது என்பதுகூட எனக்குத் தெரியாது.

8.40க்கு வெள்ளிமலைக்குச் சற்று முன், சமவெளி தெரியும் ஒரு வளைவில் நின்றோம். குழுத் தலைவர் கையடக்க ஒலிபெருக்கியில் சீட்டுகளை வாசித்தார். ஏழாவது என்னுடையது. பத்தடி தள்ளி, டீக்கடையில் ஏழுமலை நின்றிருந்தார். பெயர் கேட்டதும் சமவெளியை நோக்கி நீண்டிருந்த கைகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. டீக்கடையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கிளாசை வைத்துவிட்டு வண்டியில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"மணலூர்பேட்டையா? எங்க சித்தி அங்கதான் கீறாங்க. போன் போட்டா போயி புத்தி சொல்லிட்டு வந்துருவாங்க" என்று ஒரு சகோதரி சிக்னல் தேடினார்.

"போன உள்ள வைங்க" என்றேன்.

"கோவப்படாதீங்க பிரதர். அவரு ஒடஞ்சிட்டாரு. கண்ணத் தொடச்சிக்கினாரு, பாத்தீங்கல்ல?" என்று தலைவர் மகிழ்ந்தார்.

அவமானத்தையும் மனந்திரும்புதலையும் பிரித்தறியத் தெரியாதவர்கள் ஓர் ஊருக்காக மன்றாடப் புறப்பட்டிருந்தோம்.

திரும்பும்போது முன்னிருக்கையில் அமர்ந்தேன்.

"அது நான் எழுதுனது ஏழுமலை. மன்னிச்சிடுங்க."

"தெரியும் சார். உங்களாண்டதான சொன்னேன்." அணையருகே வண்டியை மெதுவாக்கினார். பிறகு, "ஜெபத்த வுட்டுறாதீங்க. நாளைக்கி அது வரணும். ஆனா மைக்கு வோணாம் சார். உங்க சாமிக்குக் காது நல்லாத்தான கேக்கும்?"

அன்று மாலையே அந்தச் சகோதரி வீட்டிலிருந்து சித்தியைப் போனில் அழைத்துவிட்டார், முழு அன்போடு. மறுநாள் ஏழுமலையின் மனைவி வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

செல்பவர்களுக்கு: ஆறரைக்குள் புறப்படுங்கள், வெயில் ஏறினால் சமவெளி மங்கிவிடும். குடிநீர் கொண்டுசெல்லுங்கள். ஒலிபெருக்கியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நான் இப்போது விடியற்காலையில் கதவைச் சாத்திக்கொண்டு அவ்விருவருக்காகவும் மன்றாடுகிறேன். அடுத்த ஆண்டு பெட்டியில் போடும் சீட்டில் என் பெயரைத்தான் எழுதப்போகிறேன். விவரம் எழுதமாட்டேன்.