பிசிறு எடுத்த கிளிப்

சோலையம்மாள் வெந்த கறியை மிக்ஸியில் போட்டு ஓட்டினாள். கறியோ அவரைக்காயோ, அரைத்தால் எல்லாம் ஒரே கூழ்தான். கீழ்க்கடைவாயில் இரண்டு பக்கமும் பல் இல்லாத புருசன் அழகுபாண்டிக்கு வேளாவேளைக்கு இதுதான் பாடு. தையில் கோயம்புத்தூரில் மகளுக்கு இரண்டாவது பிரசவம். அதற்குள் இந்த மனுசனுக்குப் பல் கட்டி முடித்தால்தான் அவள் பஸ் ஏற முடியும்.

அழகுபாண்டி கப்பலூர்ப் பட்டறையில் லேத் ஓட்டியே தலை நரைத்தவர். எந்தப் பொருளையும் முதலில் விரலால் தடவிப் பார்ப்பார். சொரசொரத்தால் அரத்தை எடுத்துவிடுவார். புதுச் சீப்பு, மாத்திரை டப்பா, பேத்தியின் பொம்மை எதுவும் தப்பியதில்லை. "பிசிறோட இருந்தா அது ஒரு பொருளா?" என்பார்.

பசுமலைப் பல் டாக்டர் தாமரைச்செல்வி, முன்பற்களில் மாட்ட ஒரு பிளாஸ்டிக் கிளிப் செய்து கொடுத்திருந்தார். அதை மாட்டிக்கொண்டு ஆரப்பாளையத்தில் ஸ்கேன் எடுத்தாயிற்று. தாடை எலும்பில் துளை போட்டுப் பல் பதிக்கும் ஆபரேஷனன்றும் அதே கிளிப்தான். அது உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்துத்தான் கேமரா தாடையை அடையாளம் காணும். துளைக்கும் முனை எலும்பில் எங்கே போகிறது, நரம்பு எவ்வளவு பக்கம் என்று கம்ப்யூட்டர் காட்டும்.

அன்று மரப்பு ஊசி போடுமுன், கம்ப்யூட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க டாக்டர் கருவியின் முனையை அவருடைய முன்பல்லில் வைத்தார். திரையில் அது ஈறுக்குள் நின்றது. மறுபடி வைத்தார். மறுபடியும் ஈறு.

"கிளிப்பை ஏதாச்சும் பண்ணுனீங்களா ஐயா?"

"உள்பக்கம் குத்துச்சு. அரத்தால அரை நூல்தான், ஒன்றரை மில்லிமீட்டர், ராவுனேன் டாக்டரம்மா. நம்ம கை மெஷின் மாதிரி."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "இப்பத் தொளைச்சா நரம்புல போயிரும். புதுக் கிளிப் செஞ்சு, மறுபடி ஸ்கேன் எடுக்கணும்."

ஆட்டோவில் சோலையம்மாள் வெடித்தாள். "ஊர்ல உள்ள பிசிறெல்லாம் எடுக்கீகளே, ஒங்க மண்டைக்குள்ள இருக்கறத எவன் எடுக்குறது?"

"அரை நூலுக்கு இம்புட்டுப் பேச்சா?"

"அந்த அரை நூலுக்கு நான் இன்னும் எம்புட்டு நாளு மிக்ஸியக் கட்டிக்கிட்டு அழுகணும்?"

புதுக் கிளிப்போடு இரண்டாவது ஸ்கேனும் முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் கிளிப்பை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இந்தா சோலை, அதை ஒருக்கா குடு. சரியா உக்காருதான்னு கடிச்சுப் பாக்கணும், அம்புட்டுத்தான். வெறுங்கையாத்தான இருக்கேன்?" கைகளை விரித்துக் காட்டினார். சட்டைப்பையில் அரத்தின் பிடி எட்டிப் பார்த்தது.

அவள் அதைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். பிறகு சாவியை இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.