ஒரே முகத்தின் இரண்டு வயது

கொழும்பு பஸ்ஸிலிருந்து தன் தாய் இறங்கி வருவதை வேணுஜா பார்த்தாள். தாயோ அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அதே நெற்றி, அதே மூக்கு, இடப்பக்கம் சாயும் அதே நடை. வந்தவளின் தலை மட்டும் இன்னும் கறுப்பாக இருந்தது. பையை மோந்துபார்க்க வந்த கழுதையை யாரும் விரட்டவில்லை. சகோதரிகள் இருவரும் கட்டிப்பிடித்தபடி வெயிலில் அசையாமல் நின்றார்கள்.

சிவபாக்கியமும் சிவயோகமும் இரட்டையர். தொண்ணூறாம் ஆண்டு யோகம் கணவனோடு வள்ளமேறி இந்தியாவுக்குப் போய், அகதி முகாமில் வாழ்ந்து, அங்கேயே கணவனை இழந்தாள். பாக்கியம் ஊரோடு நின்றாள். மகள் வேணுஜாவை வவுனியாவில் உறவினரிடம் படிக்க விட்டுவிட்டு, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, போரின் கடைசி மாதங்களில் கணவனையும் பறிகொடுத்து, மீள்குடியேற்றத்தில் ஊர் திரும்பினாள். மூன்று வருடம் கழித்து இப்போது யோகமும் வந்துவிட்டாள்.

ஓட்டோ பாலத்தைக் கடந்தபோது இருபுறமும் வானமும் தண்ணீரும் ஒரே நிறமாகக் கிடந்தன. தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக்காலில் தூங்கின. இரண்டு அம்மாக்களுக்கு நடுவில் இருந்த வேணுஜாவுக்குத் தான் விழித்திருக்கிறேனா என்றே சந்தேகமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சண்டை தொடங்கியது.

"என்னைச் சின்னம்மா எண்டு கூப்பிடு பிள்ளை," என்றாள் யோகம்.

"அவதான் மூத்தவ. பெரியம்மா எண்டு சொல்லு," என்றாள் பாக்கியம்.

"ஆர் சொன்னது? நீதான் முதல் வந்தனி!"

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேணுஜா ஆராய்ந்துகொண்டிருந்ததே உடல் எப்படி முதுமையடைகிறது என்பதைத்தான். உடலின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் பரம்பரையலகுகளைச் சுமந்து நூல்போல இருக்கும் நிறமூர்த்தங்களின் நுனிகள், வலைக்கயிறு பிரியாமல் கட்டிவைத்த கட்டுப் போன்றவை. கலம் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அவை கொஞ்சம் தேயும். துன்பம் அவற்றை இன்னும் வேகமாகத் தேய்க்குமா? ஒரே பரம்பரையலகுகளோடு பிறந்து வெவ்வேறு வாழ்க்கை வாழ்ந்த இருவர், இதோ, ஒரே பாயில் இருந்து பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்கட ரெண்டுபேற்ற இரத்தத்திலயும் கொஞ்சம் எடுக்கட்டோ?"

"எடன். ஆர் மூத்தது எண்டு அது சொல்லுமோ?" என்று பாக்கியம் கையை நீட்டினாள்.

"அது சொல்லாது அம்மா. ஆற்ற உடம்பு கூடத் தேஞ்சிருக்கெண்டு சொல்லலாம்."

ஆய்வுகூடத்தில் முடிவு வந்தது. யோகத்தின் நுனிகளைவிடத் தாயின் நுனிகள் அதிகம் தேய்ந்திருந்தன. வேணுஜா மறுபடியும் சோதித்தாள், அதேதான். ஒரு சோடி இரட்டையரை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சின்ன வித்தியாசத்துக்குள் பதுங்குகுழிகளும் தறப்பாள் கூடாரங்களும் அப்பா இல்லாமற்போன நாளும் ஒடுங்கிக் கிடப்பதுபோல அவளுக்குத் தோன்றியது.

அறுவடைக்கு ஊர் வந்தபோது இருவரும் கேட்டார்கள். அவள் மறைக்கவில்லை.

யோகம் எழுந்து வயல் வரம்புக்குப் போய்விட்டாள். பின்னாலேயே பாக்கியமும் போனாள்.

"நான் உன்னை விட்டிட்டுப் போயிருக்கப்படாது," என்று யோகம் அழுதாள்.

"விசரி. செல் விழுந்து வெடிக்கேக்க நான் என்ன நினைப்பன் தெரியுமோ? கடலுக்கு அங்கால நான் சோறு காய்ச்சிக்கொண்டு இருக்கிறன் எண்டு நினைப்பன். என்ர முகத்தோட ஒருத்தி ஆறுதலா இருக்கிறாள் எண்டு. அதாலதான் தப்பினனான்."

யோகம் கண்ணைத் துடைத்தாள். "நான் அங்க ஒவ்வொரு நித்திரையிலயும் ஓடினனான் அடி. எழும்பேக்க கால் நோகும்."

அவர்களைத் தேடி வந்து வரம்பில் நின்ற வேணுஜா இதைக் கேட்டாள். எந்தக் கருவியாலும் அளக்க முடியாத ஏதோவொன்று அவர்கள் இருவருக்கும் நடுவே நெற்கதிர்மேல் காற்றைப்போலப் போய்வந்தது.

சொந்தத் தாய் என்பதால் அந்த இரத்தத்தை அவள் தன் ஆய்வில் சேர்க்கவில்லை. கரையோரமெங்கும் போர் பிரித்த வேறு இரட்டையரைத் தேடிப் புறப்பட்டாள். தொண்ணூறில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, புத்தளத்தில் அகதியாக இருந்து, இப்போது கொண்டச்சியில் மீளக் குடியேறியிருந்த சாஹுல் ஹமீட்டின் இரட்டைச் சகோதரர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்.

"தம்பியும் நானும் உரிச்சுவைச்ச மாதிரி மகள். அவரிட்டயும் போவீங்களோ?" என்று கேட்டு, அவர் கதிரையை நிழலுக்கு இழுத்துப்போட்டார்.

"ஓம் ஐயா, நாளைக்குப் போறன்," என்றாள் வேணுஜா.

அவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, புத்தளம் இருந்த திசையைப் பார்த்துச் சிரித்தார்.