விழாத பைப்பும் புனிதம் அக்காவும்

தேக்கா சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது என் வகுப்பு மாணவர் முருகேசன் கைபேசியில் கூப்பிட்டார். "சார், புனிதம் டீச்சர் போய்ட்டாங்க."

"எங்கே?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை மாடியொன்றில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு நாங்கள் நடத்தும் ஞாயிறு ஆங்கில வகுப்பை அறிந்தவர்களுக்கு, என்னோடு அங்கே பாடம் எடுத்த புனிதம் அக்காவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாண வழிக் குடும்பம்; எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இலக்கணத்தில் ஒரு பாடத்தின்மேல்தான் அவருக்குத் தீராத காதல்: நடக்காமல் போனதைச் சொல்வது. 'மழை பெய்திருந்தால் நனைந்திருப்பேன்' என்கிற வகை. "மழையும் பெய்யல, நாமளும் நனையல. ஆனா எவ்வளவு பெரிய வாக்கியம் பாருங்க!" என்று பூரித்துப் போவார்.

அந்தப் பாடம் முருகேசனின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது. அவருடைய கப்பல் பட்டறையில் ஒருநாள் கனமான பைப் ஒன்று சரிந்தது. அவர் முன்யோசனையோடு கட்டியிருந்த கயிறு அதைத் தாங்கிக்கொண்டது. என்ன நடந்தது என்று மேற்பார்வையாளர் குமார் கேட்க, பல நாட்டவரும் இருந்த வாட்ஸ்அப் குழுவில் முருகேசன் பெருமையோடு ஆங்கிலத்தில் எழுதினார்: "இஃப் ஐ ஹேட் நாட் டைட் த ரோப், த பைப் வுட் ஹேவ் ஃபாலன்." அதாவது, நான் கயிறு கட்டாமல் இருந்திருந்தால் பைப் விழுந்திருக்கும்.

குமார் கண்ணில் பட்டவை இரண்டுதான்: கட்டவில்லை, விழுந்தது. முருகேசனை வேலைக்கு வர வேண்டாம் என்று விடுதியில் உட்காரவைத்துவிட்டார்கள். ஊருக்கே அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு.

அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு கிளமெண்டியிலிருந்து பஸ் மாறிப் பட்டறைக்குப் போனார். குமார் கைபேசியை நீட்டினார். "அவரே எழுதியிருக்காருலா ஆன்ட்டி, நாட் டைட்னு."

"தம்பி, நீங்க இதை ஒழுங்கா வாசிச்சிருந்தா, நான் இந்த வெயில்ல வந்திருக்க மாட்டேன். இப்ப சொல்லுங்க, நான் வந்திருக்கேனா?"

"வந்திருக்கீங்க."

"அப்ப நீங்க ஒழுங்கா வாசிச்சீங்களா?"

குமார் செய்தியை மறுபடி, உதடு அசைய வாசித்தார். "அப்படின்னா... கட்டியிருக்காரு. விழல."

"பாஸ் பண்ணிட்டீங்க," என்றார் அக்கா.

முருகேசன் வேலைக்குத் திரும்பினார்.

மண்டாயில் அக்காவின் தகனத்துக்குக் கூடியிருந்தவர்கள், "இவ்வளவு முடியாம இருக்காங்கன்னு தெரிஞ்சிருந்தா வந்து பார்த்திருப்போம்" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முருகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதில், "சார், எல்லாருமே இலக்கணப்படி சரியா சொல்றாங்க" என்றார். அழுதுகொண்டிருந்த நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது அக்கா என்னிடம் சொன்னது இது: "இந்த 'இருந்திருந்தா' பாடத்தை வகுப்போட வச்சுக்குங்க. ஒரு ஆளைப் பார்க்கணும்னு தோணுச்சுன்னா போய்ப் பார்த்துடணும்."

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த அவசரத்தைத்தான். தகனம் முடிந்ததும், குவீன்ஸ்டவுனில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் நண்பரைப் பார்க்கப் பஸ் ஏறினேன். கதவைத் தட்டியதும் அவர் படுக்கையிலிருந்தே கத்தினார்: "யாருலா அது, சொல்லாம கொள்ளாம?"